கதவோர பெஞ்சு

எங்கள் செகோவியா நகரத்தில் பிரிசிலாவைத் தெரியாத வாசல்காவலர் கிடையாது. கோட்டையிலிருந்து கன்னிமாடம் வரை, நுழைவுச்சீட்டு கிழிப்பவர் யாராக இருந்தாலும் அவளைக் கண்டதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வழிவிடுவார். அவள் வந்திருக்கிறாள் என்றால் அன்றைக்கு, அந்த வேளையில், அந்த வாசலில் காசு வாங்கக் கூடாது என்று அர்த்தம். எந்தக் கிழமை எந்த அருங்காட்சியகம் இலவசம், எந்த மாளிகையில் மதியத்துக்கு மேல் சீட்டு கேட்க மாட்டார்கள், எந்த மடத்துத் தோட்டத்தை எந்தப் புனிதரின் திருநாளில் திறந்துவிடுவார்கள் என்பதெல்லாம் காவலருக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது.

கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். இறைச்சிக்கடையில் பிரிசிலா பேரம் பேசி யாரும் பார்த்ததில்லை. அவள் வீட்டில் சாப்பிட்டவர்கள் இடுப்புவாரைத் தளர்த்தாமல் படியிறங்கியதும் இல்லை. ஆனால் பார்ப்பதற்குக் காசு என்று யாராவது சொன்னால் மட்டும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

“கல்லை அடுக்கினவன் செத்து எண்ணூறு வருஷம் ஆச்சு. அவன் பேரன் யாராவது வந்து கேக்கட்டும், கண்ணை மூடிட்டு எடுத்துக் குடுக்கறேன். நடுவுல நீ யாருப்பா?” என்று ஒரு இளம் சீட்டுக்காரனிடம் அவள் கேட்டதை அந்த வாசலில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சான் லொரென்சோ பேட்டையில் பிறந்தவள். சின்ன வயதிலேயே மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அந்த நீராவியிலேயே இருந்தாள். கல்யாணமான புதிதில், கையில் நாலு காசு கூடுதலாக வரட்டும் என்று ஒரு கன்னிமாடத்தின் பீடத்துணிகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஒருநாள் துணிக்கூடையோடு பின்வாசல் வழியாகப் போனவள் வழிதவறி, நட்சத்திரம் நட்சத்திரமாக மரத்தில் செதுக்கிய ஒரு கூரைக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தாள். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம், காசு கொடுத்து வந்த வெளிநாட்டுத் தம்பதி ஒன்றும் அதே கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. “அவங்களுக்குத் தெரிஞ்ச அதே நட்சத்திரம்தான் எனக்கும் தெரிஞ்சுது. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல,” என்பாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம் அது. அதற்குப் பிறகு இந்த மாகாணத்தில் அவள் பார்க்காத கல் கொஞ்சம்தான். பார்ப்பதற்கு அவள் கொடுத்தது ஒரு சல்லிக்காசு கூட இல்லை.

அதில் அவளுக்கென்று ஒரு நேர்மையும் இருந்தது. இலவசம் வேறு, பித்தலாட்டம் வேறு. ஆளில்லாத நேரம் பார்த்து நுழைவது, ஊர்ப்பெயரை மாற்றிச் சொல்வது, அடுத்தவர் அட்டையைக் காட்டுவது இதெல்லாம் அவளிடம் நடக்காது. பேராலயத்தில் ஜெபிக்க வருகிறவர்களிடம் சீட்டு கேட்பதில்லை. ஒருமுறை பிரிசிலா ஜெபிக்க வந்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். புதிதாக வேலைக்கு வந்த காவலர் ஒருவருக்குச் சந்தேகம், பின்னாலேயே வந்தார். அவள் முழங்காலிட்டு ஜெபமாலை முழுவதையும் சொன்னாள். மன்றாட்டு மாலையையும் விடவில்லை. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், அவர் நின்றுகொண்டிருந்தார். “உங்கம்மா பேரு என்னப்பா?” என்று கேட்டு அந்த அம்மாவுக்காக இன்னொரு மாலையை ஆரம்பித்தாள். அவர் கால் மரத்துப் போய்ப் பாதியிலேயே கிளம்பிவிட்டார். பிறகு அவள் எழுந்து வண்ணக் கண்ணாடிகளை நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பொய் ஒன்றும் சொல்லவில்லையே, ஜெபித்துவிட்டுத்தானே பார்த்தாள்!

நகரத்தை முடித்த பிறகு கிராமங்களுக்குக் கிளம்பினாள். அங்கேதான் சிக்கல். எங்கள் கிராமத்துத் தேவாலயங்கள் எப்போதும் பூட்டியே கிடக்கும். சாவி யாரோ ஒரு அம்மாளின் சமையலறை ஆணியில் தொங்கும். அந்த அம்மாள் தலைநகர் மாத்ரித்தில் மகள் வீட்டுக்குப் போயிருப்பாள். பத்து ஊருக்கு ஒரே பாதிரியார், பூசை எப்போது வரும் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. ஆனால் சாவு வந்தால் எந்தப் பூட்டும் திறக்கும். ஆகவே பிரிசிலா பக்கத்து ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒட்டும் இரங்கல் அறிவிப்புகளைத் தினமும் படிக்க ஆரம்பித்தாள்.

சாவுக்குப் போவதற்கும் அவளிடம் சட்டதிட்டம் உண்டு. கறுப்பு மேல்கோட்டு. கடைசி பெஞ்சு. செத்தவருக்காக மனதாரச் சொல்லும் ஒரு பரலோக மந்திரம்; அதைத்தான் அவள் கட்டணம் என்று வைத்திருந்தாள். அது முடிந்த பிறகுதான் தலையை நிமிர்த்தித் தூண்களையும் கூரையையும் பார்ப்பாள். துக்கம் கேட்கும் வரிசையில் நிற்க மாட்டாள். யாருடைய துக்கத்திலும் பங்கு கேட்க அவள் யார்? ரொட்டியோ ஒயினோ கொடுத்தால் தொட மாட்டாள்.

இந்தப் பயணங்களுக்கு வண்டி ஓட்டுவது அவள் கணவன் லுசினியோ. முப்பது வருஷம் ரொட்டி வண்டி ஓட்டியவன். எந்த ஊரின் தேவாலயம் எந்தக் காலத்தது என்று கேட்டால் விழிப்பான். எந்த ஊரில் யார் முறுகலான ரொட்டி கேட்பார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். அவள் சர்ச்சுக்குள் போனதும் அவன் மதுக்கடைக்குள் போவான். “நீ சீட்டுல மிச்சம் பிடிச்சதைத்தான் நான் இங்க செலவு பண்றேன். கணக்கு நேராயிடுச்சு,” என்பான்.

கீழ்வீட்டில் அவன் தங்கை தொமித்திலா இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவளுக்கு மேலேதான். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. “அறியாத வீட்டுச் சாவுக்குப் போயி கூரையைப் பாக்கறவ உலகத்துலயே நீ ஒருத்திதான் பிரிசிலா. ஒருநாள் கையும் களவுமா பிடிச்சு வெளிய தள்ளப் போறாங்க. நான் ஜன்னல்ல நின்னு கை தட்டுவேன்,” என்பாள். ஆனால் போய்வந்ததும் என்ன பார்த்தாய் என்று முதலில் கேட்பதும் அவள்தான். தொமித்திலா முட்டிவலியால் எங்கும் போகாதவள். மாகாணம் முழுவதையும் அவள் பிரிசிலாவின் வாய் வழியாகத்தான் பார்த்திருந்தாள்.

பிரிசிலாவுக்கு எட்டாத ஒன்றே ஒன்று மீதமிருந்தது. வால்மாத்தா என்ற சிற்றூரின் தேவாலயத்தில், பீடத்துக்குப் பின்னால், பலகைச் சுவர் மறைத்த வளைவில் ஒரு பழைய ஓவியம் இருந்தது. யோனாவை விழுங்கும் திமிங்கிலம். வரைந்தவன் கடலையே பார்த்ததில்லை போலிருக்கிறது; எங்கள் ஆற்று மீனுக்கு இருப்பது போலத் திமிங்கிலத்தின் முதுகெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறானாம். ரொட்டி வாங்க வந்த யாரோ லுசினியோவிடம் சொன்னது. கேட்ட நாளிலிருந்து பிரிசிலாவுக்குத் தூக்கம் பாதியாகிவிட்டது. புள்ளி வைத்த திமிங்கிலத்தைப் பார்க்காமல் செத்தால் தன் ஆவி அந்த ஊர் மணிக்கூண்டில்தான் தொங்கும் என்பாள்.

ஆனால் வால்மாத்தாவின் சாவி அவ்ரேயா என்பவளிடம் இருந்தது. கதவைத் தட்டினால் மாடி ஜன்னல்தான் திறக்கும்.

“என்ன வேணும்?”

“திமிங்கிலத்தைப் பாக்கணும்மா.”

“கடலுக்குப் போ.”

ஜன்னல் மூடிக்கொள்ளும். வருஷா வருஷம் இதே கச்சேரி. ஊர்த் திருநாளில் போய்ப் பார்த்தாள். பூசை நடந்தது, ஆனால் பீடத்துக்குப் பக்கத்திலிருக்கும் சின்னக் கதவை அவ்ரேயா திறக்கவில்லை. “அங்க பாதிரியாரே போக மாட்டாரு,” என்றாள். சரி, சாவு வரட்டும் என்று பிரிசிலா காத்திருந்தாள். அது என்னவோ, வால்மாத்தாக்காரர்கள் சாவதாகவே தெரியவில்லை.

இப்படியிருக்கும்போது அந்தத் தேவாலயத்தின் கூரை சரிந்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. பூட்டி முட்டுக்கொடுக்கப் போகிறார்கள். மறுபடி எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலைக்குப் பணம் வர வேண்டும், பணம் வர கையெழுத்து வர வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்படிப் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் முள்செடி மரமாகிவிடும். பிரிசிலா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

மார்ச் மாதத்தில் ஒருநாள் ரொட்டிக்கடைக் கண்ணாடியில் அந்த அறிவிப்பு இருந்தது. மெலித்தோன், வால்மாத்தா. மறுநாள் காலையில் அடக்கப் பூசை. எங்கள் இரங்கல் அறிவிப்புகளில் பெயருக்குக் கீழே மனைவி, மக்கள், உடன்பிறந்தோர், மருமக்கள் என்று வரிசையாக வரும். இதில் அந்த வரியே இல்லை. பிரிசிலா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண்ணில் பட்டது ஊர்ப்பெயர் மட்டும்தான்.

மறுநாள் மலையிலிருந்து இறங்கிய காற்று தோலை உரித்தது. வால்மாத்தா சதுக்கத்தில் கட்டுமானக்காரர்களின் லாரி ஒன்று பலகையோடும் சங்கிலியோடும் நின்றது. இந்த அடக்கம் முடிந்ததும் கதவை மூடிவிடப் போகிறார்கள் என்று தெரிந்தது. லுசினியோ வழக்கம்போல மதுக்கடைக்குத் திரும்பினான். பிரிசிலா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஊரே இருந்தது. ஊர் என்றால் பெரிய கூட்டமில்லை. நரைத்த தலைகளும் கம்பளித் தொப்பிகளும். நடுவில் பெட்டி. கதவை ஒட்டி, இடது சுவரோரமாக ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. கடைசி இடம், ஒதுக்குப்புறம், யார் கண்ணையும் உறுத்தாது. தனக்காகவே போட்டது போலிருக்கிறது என்று அவள் போய் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் தேவாலயம் முழுவதும் ஒரு சலசலப்பு. முன்வரிசையிலிருந்து தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். பீடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாதிரியார் நிமிர்ந்து அவளைப் பார்த்து, ஒருமுறை தலையசைத்துவிட்டுப் பூசையைத் தொடங்கினார். வெளியூர்க்காரியை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று பிரிசிலா நினைத்துக்கொண்டாள். தன் பரலோக மந்திரத்தைச் சொன்னாள். இந்த முறை கூரையைக்கூடப் பார்க்கவில்லை. பூசை முடிந்ததும் அவ்ரேயாவின் கையைக் காலைப் பிடித்தாவது அந்தச் சின்னக் கதவைத் திறக்க வைப்பது எப்படி என்பதிலேயே அவள் புத்தி ஓடிக்கொண்டிருந்தது.

பூசை முடிந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்து நேராக அவளை நோக்கி வந்தது.

முதலில் தொப்பியைக் கழற்றிய கிழவர். அவள் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம்மா.”

“நன்றிங்க,” என்றாள் பிரிசிலா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குள் அடுத்தவர். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள். அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, “ரொம்பக் கஷ்டப்படாமத்தான் போனாரு,” என்றாள். அப்போதுதான் பிரிசிலாவுக்கு விஷயம் விளங்கியது. எங்கேயும் துக்க வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். இந்தப் பாழாய்ப் போன ஊரில் கதவோரத்தில் இருக்கிறார்கள்! யாரும் அவர்களைத் தாண்டாமல் வெளியே போக முடியாது. அத்தனை சாவுகளில் கடைசி இடம் தேடி உட்கார்ந்தவள் இன்றைக்கு நேராகப் போய் முதல் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் உடம்பெல்லாம் வேர்த்தது. இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த நேர்மை ஒரே நிமிஷத்தில் நாறிப்போனது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பாள், யாராவது அணைத்துக்கொள்வார்கள். ஒருத்தர் அழுதேவிட்டார். அழுகிறவரைத் தள்ளி நிறுத்தி, நான் ஓவியம் பார்க்க வந்தவள் என்று எப்படிச் சொல்வது?

இந்த நேரம் பார்த்து லுசினியோ வாசலில் வந்து நின்றான். ஊர் முழுவதும் தன் மனைவியிடம் துக்கம் விசாரிப்பதைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. ஓடிவந்தான்.

“யாரு? யாரு போனது? தொமியா?”

“வாயை மூடு. உனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல.”

“அப்புறம் எதுக்கு இவங்க...” அதற்குள் அவன் கையையும் நாலு பேர் பிடித்துக் குலுக்கிவிட்டார்கள். அவனும் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் நன்றி சொல்ல ஆரம்பித்தான். நல்லவன்தான், ஆனால் எதற்கு என்று கேட்டுவிட்டுச் செய்கிற வழக்கம் அவனுக்கு என்றைக்கும் கிடையாது.

வரிசையின் கடைசியில் அவ்ரேயா வந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து. பிரிசிலா அவள் கை நீட்டும் வரை காத்திருக்கவில்லை.

“இங்க பாரும்மா. நான் இவருக்கு யாருமில்ல. சத்தியமா தெரியாம உக்காந்துட்டேன். நான் எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியும். வேணும்னா எல்லாரையும் கூப்பிட்டு இப்பவே சொல்லிடறேன். பொய்க்காரின்னு பேர் வாங்கிட்டு நான் இந்த ஊரை விட்டுப் போக மாட்டேன்.”

அவ்ரேயா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “யாருகிட்ட சொல்லப் போற? எல்லாருக்கும் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“நீ அவனுக்கு யாருமில்லன்னு. மெலித்தோனுக்கு யாருமே கிடையாது. அநாதை விடுதியிலேர்ந்து ஆடு மேய்க்கக் கூட்டிட்டு வந்த பையன். இந்த ஊர்லயே கிழவனாகி இந்த ஊர்லயே செத்தான். அவனுக்கு எங்கேர்ந்து சொந்தக்காரி வருவா?”

“அப்ப எதுக்கு எங்கிட்ட துக்கம் கேட்டீங்க?”

“உக்காந்தியே.”

பிரிசிலாவுக்குப் புரியவில்லை. அவ்ரேயா குரலைத் தாழ்த்தினாள். “அவனுக்கு ஒரு வீடு இருக்கு, சின்னது. பின்னாடி ஒரு தோட்டம், அதுல வத்தாத ஊத்து. இந்த ஊர்ல யாரு அந்த பெஞ்சுல உக்காந்தாலும், தோட்டத்து மேல கண்ணு வெச்சிட்டாங்கன்னு மத்தவங்க சொல்லுவாங்க. என் புருஷன் அவன்கூட நாப்பது வருஷம் சீட்டு ஆடினாரு. அவரே உக்காரல. நான் உக்காரல. நேத்து ராத்திரி ஊர்ல ஒருத்தருக்கும் தூக்கமில்ல. அந்த பெஞ்சு காலியா இருந்து பெட்டி மட்டும் தனியா வெளிய போனா, அதைவிட அசிங்கம் எங்களுக்கு வேற இல்ல. அசிங்கம்னு தெரிஞ்சும் எல்லாரும் சும்மா இருந்தோம். நாங்க அப்படிப்பட்டவங்க, என்ன பண்றது? அப்பதான் நீ வந்து உக்காந்த. உனக்குத் தோட்டம் வேணாம்னு நாய்க்குக்கூடத் தெரியும்.”

வாசலில் பெட்டியைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். தூக்கியவர்களும் கிழவர்களே, முழங்கால் நடுங்கியது. வால்மாத்தாவில் தோளேறிய பெட்டியைக் கல்லறைக்கு முன்னால் கீழே வைக்கக் கூடாது. பாதிரியாருக்கு வேறு ஊரில் பூசை. சங்கிலியோடு கட்டுமானக்காரன் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

அவ்ரேயா கொத்திலிருந்து ஒரு சின்னச் சாவியைக் கழற்றி பிரிசிலாவின் கையில் வைத்தாள். “இதுக்குத்தானே இத்தனை வருஷமா என் ஜன்னலைத் தட்டின? போ. விளக்கு எரியுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு இந்தாளு பூட்டிடுவான், அதுக்கப்புறம் கடவுளே தட்டினாலும் திறக்காது. நல்லா பாத்துக்கோ. பெட்டியை நாங்க கொண்டு போறோம்.”

“பெட்டிக்குப் பின்னாடி யாரு போவாங்க?”

“பெஞ்சுல உக்காந்தவங்கதான் போகணும். நீ வரலன்னா யாரும் போக மாட்டாங்க. பெட்டி முன்னால போகும், கொஞ்சம் இடம் விட்டு ஊர் பின்னால வரும். பரவால்ல, பெஞ்சு வரைக்கும் நீ பண்ணினதே பெரிசு.”

லுசினியோ அவள் முழங்கையைத் தொட்டான். “நீ போய்ப் பாரு. நான் போறேன் பெட்டிக்குப் பின்னாடி. எனக்கென்ன, கூரையும் தெரியாது, திமிங்கிலமும் தெரியாது.”

பிரிசிலா சாவியைப் பார்த்தாள். பீடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் கதவு தெரிந்தது. நூறடிகூட இருக்காது. வாழ்நாளில் இத்தனை நெருக்கத்தில், இத்தனை முறையாக, சாவியே கையில் இருக்க, யாரும் எதுவும் கேட்காமல் அவளுக்கு ஒரு கதவு திறந்ததில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது. பெட்டி வாசற்படியைத் தாண்டியது. அதற்குப் பின்னால் வெறும் கல்தரை தெரிந்தது. ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. ஊர்மேல் கோபம், தன்மேல் கோபம், அந்த ஊற்றுத் தோட்டத்தின் மேலும் கோபம். ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க இவர்கள் ஆட்டை மேய்த்திருக்கிறான்!

“உக்காந்தது நான்,” என்றாள் லுசினியோவிடம். சாவியை அவ்ரேயாவின் கையிலேயே திணித்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய், பெட்டிக்கு நேர் பின்னால், தெருவின் நடுவில் நடக்க ஆரம்பித்தாள்.

ஊர் அவளுக்குப் பின்னால் வந்தது. கொஞ்ச தூரம் போனதும் சங்கிலி கதவில் உராயும் சத்தம் கேட்டது. பிரிசிலா திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். திரும்பிப் பார்த்தாள், அந்த ஆள் பலகையை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். ஒருமுறை மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டாள்.

கல்லறையில் முதல் பிடி மண்ணைத் துக்க வீட்டுக்காரர்தான் போட வேண்டும். பாதிரியார் அவளைப் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு மண்ணை எடுத்தாள். பனியில் இறுகியிருந்தது, விரலால் நொறுக்கிப் போட்டாள். “நல்லபடியா போய் வாப்பா,” என்று சத்தமாகவே சொன்னாள். வேறு என்ன சொல்வது? அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகுதான் தெரிந்துகொண்டாள். அடக்கம் முடிந்ததும் வந்தவர்களுக்கு ரொட்டியும் சீஸும் ஒயினும் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். மதுக்கடைக்கு எல்லோரும் வந்தார்கள். ஊர்ப் பொதுப்பணத்தில் கொடுத்துவிடலாம் என்று அவ்ரேயா தொடங்கும்போதே பிரிசிலா கையைத் தூக்கி நிறுத்தினாள். “குடும்பம்னு நான்தானே இருக்கேன்? அப்ப நான்தான் கொடுக்கணும்.” கைப்பையைத் திறந்து கடைக்காரரின் முன்னால் வைத்தாள். லுசினியோ வாயைத் திறந்தவன் மூடவே இல்லை.

ஒயின் உள்ளே போனதும் ஊருக்கு வாய் திறந்தது. மெலித்தோன் விசிலடித்தால் அடுத்த ஊர் ஆடு கூட வந்துவிடுமாம். கோழிக்குப் பயப்படுவானாம். சீட்டாட்டத்தில் அசராமல் ஏமாற்றுவானாம். கையும் களவுமாகப் பிடித்தால், “சரி, நீ பாத்துட்டேன்னா இதைக் கணக்குல எடுத்துக்க வேணாம்,” என்பானாம். அவ்ரேயாவின் புருஷன் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று மேசைமேல் தலையைக் கவிழ்த்துவிட்டார். “நான் உக்காந்திருக்கணும். தோட்டம் என்ன தோட்டம்? நான்தான் உக்காந்திருக்கணும்,” என்றார். பிரிசிலா அவர் குவளையில் ஒயினை நிரப்பி, “குடிங்க. அடுத்த வருஷம் அவருக்குப் பூசை வைப்பீங்க இல்ல, அன்னிக்கு எம்பக்கத்துல உக்காருங்க,” என்றாள். தான் அடுத்த வருஷமும் வரப்போகிறோம் என்பது அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தொமித்திலா படியேறி வந்து, நாற்காலியில் விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“வால்மாத்தாவுக்குப் போனியாமே. கீழ் வீட்ல இருக்கற எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. சொல்லு, திமிங்கிலம் எப்படி இருக்கு? நெஜமாவே புள்ளி வெச்சிருக்கானா?”

“பாக்கல,” என்றாள் பிரிசிலா. பெரிய வெள்ளைப் பீன்ஸை அகப்பையால் அள்ளித் தட்டில் போட்டாள்.

தொமித்திலாவின் முகம் மலர்ந்தது. “தள்ளிட்டாங்க! நான்தான் சொன்னேனே. வாசல்லயே பிடிச்சுட்டாங்களா?”

“உள்ளதான் இருந்தேன். சாவியக்கூட கையில கொடுத்தாங்க.”

“பின்ன என்ன கேடு? கண்ணு தெரியலயா?”

“நேரமில்ல தொமி. வீட்ல ஒரு சாவு.”

தொமித்திலா அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தாள், அவன் தலையைக் குனிந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். “எனக்கு யாரும் சொல்லவே இல்லையே! யாரு?”

“மெலித்தோன்.”

“எந்த மெலித்தோன்?”

பிரிசிலா அகப்பையைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“எங்க மெலித்தோன்,” என்றாள்.